கூடம் உண்மையிலேயே கோணல்தான்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த ஒரு பழமொழியைச் சொல்லிச் சொல்லியே நம் வாயை அடைத்து வைத்திருக்கிறார்கள். வேலை ஓடவில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், கவனம் போதாது, வைராக்கியம் போதாது, காலையில் சீக்கிரம் எழுந்திரு, போனைத் தூக்கிப் போடு என்று அறிவுரை வரிசை கட்டி வரும். உட்காரும் இடம் எப்படி, மேசை எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது, பக்கத்தில் என்ன சத்தம் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். நான் கொஞ்ச நேரம் அந்த ஆடத் தெரியாதவள் பக்கம் நின்று பேசப் போகிறேன்.

பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. அலுவலகத்தில் உட்கார்ந்தும் செய்திருக்கிறேன், இப்போது பெரும்பாலும் வீட்டில். ஆள் அதே ஆள், வேலையும் அதே வேலை. ஆனால் ஒரு மேசையில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் ஓர் அத்தியாயம் முடிகிறது, இன்னொரு மேசையில் அதே அளவு அத்தியாயம் சாயங்காலம் வரை இழுக்கிறது. வைராக்கியம் மேசைக்கு மேசை மாறுமா என்ன?

பழக்கம் நம் தலைக்குள் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பாதி சரி. மீதிப் பாதி இடத்தில் இருக்கிறது. வெண்டி வுட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2011-இல் வெளியிட்ட ஒரு பாப்கார்ன் சோதனை இதை நன்றாகக் காட்டும். தியேட்டருக்கு வந்தவர்களில் சிலருக்கு அப்போதுதான் பொரித்த பாப்கார்ன், சிலருக்கு ஒரு வாரம் பழசு. பழசு வாயில் வைக்க விளங்கவில்லை என்று தின்றவர்களே சொன்னார்கள். இருந்தும், தியேட்டர் என்றாலே பாப்கார்ன் என்று பழகிப்போனவர்கள் அந்த நமத்துப்போன பாப்கார்னையும் புதியதைப் போலவே தின்று தீர்த்தார்கள். அதையே தியேட்டரை விட்டு ஒரு மீட்டிங் அறையில் வீடியோ பார்க்கவிட்டுக் கொடுத்தபோது பழசின் பக்கம் அப்படிக் கை போகவில்லை. தியேட்டரிலேயே கூட, வழக்கமான கையை விட்டுவிட்டு மற்றக் கையால் எடுத்துத் தின்னுங்கள் என்றதும் ஆட்களுக்கு நிதானம் வந்துவிட்டது. ருசி ஒரு பொருட்டே இல்லை. இருட்டும் சீட்டும் திரையும் சேர்ந்து கையை ஓட்டியிருக்கின்றன.

என் கதையில் பாப்கார்னுக்குப் பதில் போன். கொஞ்சம் கூர்ந்து கவனித்தபோது ஒன்று தெரிந்தது, சும்மா இருக்கும்போது நான் போனை அவ்வளவாக எடுப்பதில்லை. ஒரு சிக்கலான வாக்கியம் வரும், எழுவாய் எங்கேயோ தொலைந்திருக்கும், மூன்று 'என்று' வரிசையாக நிற்கும், இதைப் பிரிப்பதா அப்படியே விடுவதா என்று மூளை ஒரு நொடி தயங்கும். அந்த ஒரு நொடியில் இடது கை கீபோர்டை விட்டு நகர்ந்து, மேசையின் இடது ஓரத்தில் கவிழ்ந்து கிடக்கும் போனைத் திருப்பிவிடும். செய்தி எதுவும் வந்திருக்காது. வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் எடுத்தேன் என்றும் சொல்ல முடியாது. வாக்கியம் கஷ்டமாக இருந்தது, போன் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். சரி, போன் ஏன் அங்கே இருந்தது என்று பார்த்தால் அதற்கும் பெரிய காரணம் கிடையாது, பிளக் பாயிண்ட் அந்தப் பக்கம் இருந்தது. அதாவது, இந்தச் சுவரில் எங்கே துளை போடலாம் என்று ஒரு எலக்ட்ரீஷியன் எப்போதோ ஒரு நாள் எடுத்த முடிவு, நான் எப்படி வேலை செய்கிறேன் என்பதை இத்தனை காலம் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

சார்ஜரைப் பிடுங்கி அடுத்த அறை அலமாரிக்குக் கொண்டுபோனேன். கை உடனே திருந்திவிடவில்லை. கஷ்டமான வாக்கியம் வந்ததும் வழக்கம்போல இடது பக்கம் போகும், வெறும் மரத்தைத் தடவும், அங்கே கிடக்கும் பென்சிலை எடுத்து உருட்டும். பென்சிலை எவ்வளவு நேரம்தான் உருட்டுவது? சலித்துப்போய் வாக்கியத்துக்கே திரும்பிவிடும். எழுந்து போய்ப் போனை எடுக்கலாம்தான், யாரும் தடுக்கவில்லை. ஆனால் எழுந்திருக்க ஒரு முடிவு வேண்டும், முடிவெடுக்கப் போனால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், யோசித்தால் பாதி நேரம் வேண்டாம் என்று தோன்றிவிடுகிறது.

போன் எடுக்காவிட்டாலும் பக்கத்தில் இருந்தாலே மூளை மந்தமாகிறது என்று ஒரு ஆய்வு உண்டு. ஏட்ரியன் வார்ட் குழுவினர் 2017-இல் வெளியிட்டது. போனை மேசையில் கவிழ்த்து வைத்தவர்கள், பையிலோ பாக்கெட்டிலோ வைத்தவர்கள், வேறு அறையில் விட்டு வந்தவர்கள் என்று மூன்று கூட்டம், எல்லா போனும் சைலண்ட். நினைவையும் யோசிப்பையும் சோதிக்கிற பயிற்சிகளைக் கொடுத்தபோது வேறு அறையில் விட்டவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். அப்புறம் வேறு சிலர் இதையே திரும்பச் செய்து பார்த்தபோது முடிவுகள் முன்னும் பின்னுமாக வந்தன, அதனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. எனக்கு இவ்வளவு நுட்பமான காரணம் தேவையும் இல்லை. பக்கத்தில் இருந்தால் கை எடுக்கிறது, தள்ளி இருந்தால் எடுப்பதில்லை. இதற்கு ஆய்வுக்கூடம் எதற்கு?

அடுத்தது படுக்கை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களில் பலர் படுக்கையில் லேப்டாப்போடு சாய்ந்துகொள்கிறார்கள், முதுகுக்கு இரண்டு தலையணை, மடியில் சூடு. தூக்கம் வராமல் தவிப்பவர்களுக்காக ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972-இல் ஒரு சிகிச்சை முறையைச் சொன்னார், இன்றைக்கும் தூக்கமின்மைக்கான சிகிச்சையில் அது ஒரு முக்கியமான பகுதி. விஷயம் ரொம்ப எளிது. தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போ, தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடு, படுக்கையில் படிக்காதே, டிவி பார்க்காதே, கவலைப்படாதே. கவலைப்படாதே என்பதைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் கவலைப்படுவதாக இருந்தால் எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்து பட்டுக்கொள் என்பதுதான் அதன் பொருள். படுக்கை என்றாலே தூக்கம் என்று உடம்புக்குப் புரிய வைக்கிற வேலை இது. இதை அப்படியே திருப்பிப் போட்டால் வேலை மேசைக்கும் பொருந்தும். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலையும் பார்த்து, சீரியலும் பார்த்து, சண்டையும் போட்டு, சாப்பிட்டும் முடித்தால், அந்த நாற்காலியில் போய் உட்காரும்போது இப்போது எதற்கு வந்திருக்கிறோம் என்று உடம்புக்கு எப்படித் தெரியும்?

எல்லோருக்கும் தனி அறை கிடையாது என்பது எனக்குத் தெரியும். தனி அறை வேண்டியதும் இல்லை. ஒரே மேசைதான் என்றால் அதன் இரண்டு பக்கங்களை இரண்டு இடமாக ஆக்கிக்கொள்ளலாம்: சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் வேலை, எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் மற்றதெல்லாம். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் கூடத்து மேசை ஒன்றுதான் எல்லாவற்றுக்கும். அவர் ஒரு சின்ன மேசை விளக்கு வைத்திருக்கிறார், வேலை நேரத்தில் மட்டும்தான் அதைப் போடுவார். விளக்கு எரிந்தால் அவர் அலுவலகத்தில் இருக்கிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் கணக்கு. வெளிச்சத்துக்காக அந்த விளக்கு தேவையே இல்லை, மேலே டியூப்லைட் பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அதைப் போட்டதும் அவருடைய உட்காரும் விதமே மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மேசையைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் திரையை மறந்துவிடுகிறார்கள். நாள் முழுக்க நாம் பார்த்துக்கொண்டிருப்பது அந்தத் திரையைத்தானே? எதிரே சுவரில் என்ன நிறம் என்பதைவிட பிரௌசரைத் திறந்தால் முதலில் என்ன வருகிறது என்பதுதான் நாளை முடிவு செய்கிறது. குளோரியா மார்க் என்ற ஆராய்ச்சியாளர் 2004-லிருந்து, ஆட்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து வருகிறார். அப்போது சராசரி சுமார் இரண்டரை நிமிடம். அண்மை ஆண்டுகளின் அளவு சுமார் 47 விநாடி. படித்ததும் எல்லோரும் தலைமுறையைத் திட்டுவார்கள். நான் டேப்களைத்தான் திட்டுவேன். நாற்பது டேப் திறந்து கிடக்கிற பிரௌசரில், வேலைக்கான டேப்புக்கும் வேடிக்கைக்கான டேப்புக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் அசைவு. அதில் பாதி டேப்பின் தலையில் எண் வேறு கூடிக்கொண்டே இருக்கும், அடைப்புக்குறிக்குள் 3, அடைப்புக்குறிக்குள் 7. இதை வைத்துக்கொண்டு கவனத்தைக் குறை சொல்வது அநியாயம்.

நான் செய்தது, கம்ப்யூட்டரில் வேலைக்கென்று தனியாக ஒரு யூசர் கணக்கு. அதில் சமூக வலைத்தளம் எதிலும் லாகின் கிடையாது, பாஸ்வேர்டு சேமித்ததும் கிடையாது. அகராதிகள், நடைக்கையேடு, திருத்த வேண்டிய கோப்பு, அவ்வளவுதான். வேண்டுமென்றால் மற்றக் கணக்குக்கு மாறிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு இருக்கிறதிலேயே நீளமான பாஸ்வேர்டை வைத்திருக்கிறேன். எரிச்சலாகத்தான் இருக்கும், எரிச்சலாக இருக்கட்டும் என்றுதான் வைத்தது. இன்னொன்று, சாயங்காலம் வேலையை முடிக்கும்போது கோப்பை மூடுவதில்லை. பாதி திருத்திய பத்தியில் கர்சரை நிறுத்தி, அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டு அப்படியே லேப்டாப்பை மூடிவிடுவேன். காலையில் திறந்தால் வேலை நேரே முகத்தில் வந்து நிற்கும், எங்கே ஆரம்பிப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. காலையில் எனக்கு அதிகம் வீணான நேரம் அந்தக் கேள்வியில்தான் போயிருக்கிறது.

இனி சத்தம். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் ஆத்திரமே உண்டு, ஏனென்றால் பிழை திருத்துகிறவனுக்கு முதல் எதிரி பேச்சுச் சத்தம். மின்விசிறி ஓடட்டும், மழை கொட்டட்டும், ரோட்டில் லாரி போகட்டும், ஒன்றும் செய்யாது. பக்கத்து மேசையில் ஒருவர் போனில் தாழ்ந்த குரலில் பேசினால் போதும், தொலைந்தேன். கண் வாசிக்கிற சொல்லும் காதில் விழுகிற சொல்லும் மூளையில் ஒரே வாசல் வழியாகத்தான் போகின்றன போலிருக்கிறது. சம்பந்தமில்லாத பேச்சு காதில் விழும்போது, வரிசையாக ஒன்றை நினைவில் வைக்கிற வேலை கெடுகிறது என்று உளவியலாளர்கள் 1970-களிலிருந்தே காட்டி வருகிறார்கள்.

ஆனால் சத்தத்தைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை அதற்கும் முந்தையது. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்று இரண்டு பேர் 1960-களின் கடைசியில் செய்தது. ஆட்களை உட்கார வைத்து ஒரு கலவைச் சத்தத்தைக் காது கிழியப் போடுவார்கள்: இரண்டு பேர் ஸ்பானிஷில் பேசுவது, ஒருவர் ஆர்மீனிய மொழியில் பேசுவது, ஒரு நகலெடுக்கும் இயந்திரம், டைப்ரைட்டர், கணக்குப் போடும் இயந்திரம், எல்லாம் ஒன்றாக. எப்போது வரும் எப்போது நிற்கும் என்று தெரியாது. ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஒரு பட்டனைக் காட்டி, தாங்க முடியாவிட்டால் இதை அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், ஆனால் முடிந்தவரை அழுத்தாமல் இருந்தால் நல்லது என்று சொன்னார்கள். யாரும் அழுத்தவில்லை. சத்தமெல்லாம் ஓய்ந்தபிறகு எல்லோருக்கும் கொடுத்த வேலைகளில் ஒன்று, என்ன பொருத்தம் பாருங்கள், பிழை திருத்துவது! பட்டன் இருந்தவர்கள் கண்டுபிடித்த பிழைகள் அதிகம். விடை இல்லாத புதிரைக் கொடுத்தபோதும் அவர்கள்தான் விடாமல் முயன்றார்கள். இரண்டு கூட்டமும் கேட்டது அதே சத்தம். வேண்டுமானால் நிறுத்தலாம் என்ற நினைப்பு ஒன்றுதான் வித்தியாசம்.

ஓப்பன் ஆஃபீஸ் ஏன் ஆளைக் கொல்கிறது என்று கேட்டால் நான் இந்தப் பட்டனைத்தான் காட்டுவேன். சுவரை எடுத்துவிட்டால் எல்லோரும் கலந்து பேசுவார்கள், புதுப்புது யோசனை பிறக்கும் என்று சொல்லித்தான் அதைக் கொண்டுவருகிறார்கள். ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் இருவரும் இப்படிச் சுவரை எடுத்த இரண்டு பெரிய நிறுவனங்களில், ஊழியர்கள் கழுத்தில் ஒரு கருவியை மாட்டி யார் யாரோடு நேரில் பேசுகிறார்கள் என்று அளந்தார்கள், 2018-இல் அது வெளிவந்தது. நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது. கூடியது மின்னஞ்சல். ஓப்பன் ஆஃபீஸில் இருந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. சுவர் இல்லாத இடத்தில் ஹெட்ஃபோன்தான் சுவர். நான் இருந்த அலுவலகம் ஒன்றில் பாட்டே ஓடாத ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், கூப்பிடாதே என்று பலகை மாட்டுவது மரியாதையாக இருக்காது அல்லவா, அதற்காக.

க்யூபிக்கிளின், அதாவது ஆளுக்கொரு தடுப்பு வைத்துப் பிரித்த அலுவலகக் கூண்டின், கதை இதைவிட வருத்தமானது. ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்பவர் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக 1960-களில் 'ஆக்‌ஷன் ஆஃபீஸ்' என்று ஒன்றை உருவாக்கினார். நின்றும் வேலை செய்யலாம், உட்கார்ந்தும் செய்யலாம், செய்கிற வேலை கண்ணெதிரே விரிந்து கிடக்கலாம், தடுப்புகளை விரிந்த கோணத்தில் தங்கள் இஷ்டத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். வேலை செய்கிறவனே தன் இடத்தை வடிவமைக்கட்டும் என்பதுதான் அவர் எண்ணம். 1968-இல் வந்த இரண்டாவது வடிவத்தை நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போயின, போய் அந்தத் தடுப்புகளைச் செங்கோணத்தில் மடக்கி, எத்தனை பேரை அடைக்க முடியுமோ அத்தனை பேரை அடைத்தன. கடைசிக் காலத்தில் ப்ராப்ஸ்டே அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் நினைத்தது சரிதான் என்பதற்கு எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் நைட்டும் அலெக்ஸ் ஹாஸ்லமும் செய்து 2010-இல் வெளியிட்ட சோதனையே சாட்சி. சிலருக்கு வெறும் மேசை, எதுவும் கிடையாது. சிலருக்குச் செடியும் படமும் வைத்த மேசை. சிலருக்கு அதே செடியையும் படத்தையும் கையில் கொடுத்து, உங்கள் விருப்பம்போல அடுக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வெறும் மேசைக்காரர்களோடு ஒப்பிட்டால் செடி வைத்த மேசைக்காரர்கள் சுமார் 17 சதவீதம் கூடுதலாக வேலை செய்தார்கள், தாங்களே அடுக்கியவர்கள் சுமார் 32 சதவீதம். நான்காவதாக ஒரு கூட்டம் இருந்தது. அவர்களையும் அடுக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் ஆய்வாளரே வந்து எல்லாவற்றையும் மாற்றி அடுக்கிவிட்டுப் போனார். அந்தக் கூட்டத்துக்குக் கிடைத்த லாபம் முழுக்கக் கரைந்துபோனது. மேசையில் சொந்தப் பொருள் எதுவும் வைக்கக் கூடாது, சாயங்காலம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போக வேண்டும் என்று சட்டம் போடுகிற மேலாளர்கள் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு முறை வாசியுங்கள்.

வெளிச்சம், வெப்பம், காற்று பற்றியெல்லாம் நிறையச் சொல்லலாம், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அலுவலக வேலைக்கு மேசை மேல் 500 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது பரவலான அளவுகோல். வெளியே மேகமூட்டமான நாளில்கூட ஆயிரக்கணக்கில் லக்ஸ் இருக்கும், அதனால் ஜன்னல் பக்கம் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள், திரையில் ஜன்னல் வெளிச்சம்தான் தெரியும். வெப்பத்தில் அலுவலக வேலைக்குத் தோதானது 22 டிகிரியை ஒட்டியது என்று பழைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறார்கள், பழகிய உடம்புக்கு இது முன்னே பின்னே மாறும். மூடிய அறையில் நாலைந்து பேர் மணிக்கணக்கில் மீட்டிங் போட்டால் எல்லோருக்கும் கொட்டாவி வருமே, அதற்குப் பேசுகிறவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வெளிக்காற்றில் கார்பன் டைஆக்சைடு 420 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 420 பங்கு) ஒட்டி இருக்கும், அந்த அறையில் சீக்கிரமே ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஜன்னலைத் திறந்தாலே போதும்.

ஒரே மாதிரி மரப்பலகை, ஒரே மாதிரி விளக்கு, கேபிள் ஒன்றுகூடக் கண்ணில் படாத மேசை வீடியோக்களை மணிக்கணக்கில் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மேசை வேறொருவர் வேலைக்காக, பல நேரம் வேறொருவர் கேமராவுக்காக அடுக்கியது. எனக்குக் குறிப்புத் தாள்கள் கண்ணெதிரே கிடந்தால்தான் வேலை ஓடும், டிராயருக்குள் போனது என்னைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. இன்னொருவருக்கு ஒரு தாள் கிடந்தாலே மூச்சு முட்டும். அவரவர் மேசை அவரவர்க்கு.

எல்லாம் சரி, மாற்றினால் எப்போது பழகும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு இருக்கிறது. ஒரு புதுச் செயல் யோசிக்காமலே நடக்கிற பழக்கமாக ஆவதற்குச் சராசரி 66 நாள், ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. 21 நாளில் எல்லாம் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்த ஆய்வில் எல்லோரும் தங்கள் புதுச் செயலை ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு கோர்த்துக்கொண்டார்கள், காலை உணவுக்குப் பின் என்பதுபோல. எப்போதாவது ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய நஷ்டமில்லை என்பதும் அதிலேயே தெரிந்தது.

இருக்கிற இடத்தில் மாற்றுவதைவிட இடமே மாறும்போது மாற்றுவது சுலபம். வீடு மாறியவர்களையும் மாறாதவர்களையும் சேர்த்து 800 பேரை வைத்து பாஸ் வெர்பிளாங்கனும் டெபோரா ராயும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், புதுப் பழக்கங்களுக்கான அறிவுரை அண்மையில் வீடு மாறியவர்களிடம் கூடுதலாகப் பலித்தது. ஆனால் அந்த வாய்ப்பு புது வீட்டில் முதல் மூன்று மாதம் வரைக்கும்தான் என்று அவர்கள் கணக்கு. அதனால் வேலை மாறுகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள், குறைந்தது மேசையையாவது வேறு சுவருக்கு நகர்த்தப் போகிறவர்கள் சாமான்களை எடுத்து வைக்கும் முன்னால் வெறும் மேசையில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். வலது கையும் இடது கையும் எழுந்திருக்காமல் எதுவரை போகின்றன என்று பாருங்கள். அந்த வட்டத்துக்குள் வேலைக்கு வேண்டியது மட்டும் போகட்டும். பிளக் பாயிண்ட் அந்த வட்டத்துக்குள் இருந்தால் அதில் விளக்கைச் சொருகிவிடுங்கள், போன் சார்ஜருக்கு வீட்டில் வேறு சுவர் இல்லாமலா போகும்?